காசு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் சரியாகிவிடுமா? மொரீசியசிலிருந்து ஒரு பதில்

திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வளர்ந்த நாடுகளில் கல்வி இலவசமாகவும் தரமாகவும் கிடைப்பதால் அங்கே சமூகப் பிரச்சினைகள் குறைவு, வளரும் நாடுகளில் காசில்லாததால்தான் எல்லாச் சிக்கலும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? மொரீசியஸ் இதில் எந்தப் பக்கம்? தனக்கு இந்தியப் பெருங்கடல் தீவான மொரீசியசிலோ, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலோ வேலை கிடைக்கும் போலிருக்கிறது, ஆறு வயது மகளை எங்கே படிக்க வைப்பது நல்லது?

தம்பி, நான் மொரீசியசில் அரசாங்க பிரைமரி பள்ளிகளில் 37 வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன், என் சித்தி மகள் கல்யாணமாகி ரீயூனியனில் செயின்ட் ஆந்த்ரேயில் இருக்கிறாள், அதனால் இரண்டு தீவையும் கொஞ்சம் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். காசு பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது, அது உண்மை, அதைச் சின்ன விஷயமாக நான் ஒருநாளும் பேசமாட்டேன். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போன பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது வேறு கதை, அந்தக் கதை பணக்கார நாட்டிலும் ஏழை நாட்டிலும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கிறது.

முதலில் காசு. நாங்கள் ரோஸ் ஹில் பக்கம். அப்பா கொத்தனார். என் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிட நன்றாகப் படித்தவள், இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் வாத்தியார்களே சொல்வார்கள். அந்தக் காலத்தில் பிரைமரி இலவசம், அதற்கு மேலே போனால் ஒரு சில அரசாங்கக் கொலேஜ்கள்தான், அதில் நுழைய முதல் வரிசை மார்க் வேண்டும், மற்றவர்கள் எல்லோரும் மாதாமாதம் ஃபீஸ் கட்டும் தனியார் கொலேஜுக்குப் போகவேண்டும். (இங்கே கொலேஜ் என்றால் உயர்நிலைப் பள்ளி, பல்கலைக்கழகம் இல்லை.) அக்காவை மூன்றாவது ஃபார்மோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். இரண்டு பேருக்கு ஃபீஸ் கட்ட முடியாது, ஒருத்தர்தான் என்றபோது பையனை வைத்துக்கொண்டார்கள். 1970ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபிறகு துணி ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது, அக்கா கோரமண்டலில் ஒரு ஸ்வெட்டர் ஆலைக்கு வேலைக்குப் போனாள். ஊரின் பெயரைக் கேட்டவுடன் சோழமண்டலம் நினைவுக்கு வருகிறதல்லவா, எனக்கும் அப்படித்தான். அவள் சம்பளத்தில் என் ஃபீஸ் போனது.

1975 மே 20ஆம் தேதி கொலேஜ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் போர்ட் லூயிசை நோக்கி நடந்தார்கள். தனியார் கொலேஜுக்கும் அரசாங்கக் கொலேஜுக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு போகவேண்டும், படிப்பு எங்கள் நாட்டுக்கு ஏற்ற மாதிரி இருக்கவேண்டும் என்பதெல்லாம் கோரிக்கை. கிராண்ட் ரிவர் பாலத்தில் போலீஸ் தடுத்துக் கண்ணீர்ப்புகை அடித்தது. எனக்கு 15 வயது, பெரிய பையன்களின் பின்னால் போனேன், கண் எரிய வீட்டுக்கு ஓடி வந்தேன், அப்பாவிடம் அடியும் வாங்கினேன். அந்த ஊர்வலம் வீண் போகவில்லை. ஓட்டுரிமை வயது 18 ஆனது, 1976 கடைசியில் தேர்தல் வந்த நேரத்தில் பிரதமர் சீவூசாகர் ராம்கூலம் உயர்நிலைக் கல்வி இலவசம் என்று அறிவித்தார், 1977 ஜனவரியிலிருந்து ஃபீஸ் என்பது போய்விட்டது. எங்கள் வீட்டில் அந்த ஜனவரி எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லமுடியும். அம்மா அழுதாள். சந்தோஷத்துக்காக மட்டும் அழவில்லை, அக்காவுக்கு அப்போது 19 வயது ஆகிவிட்டிருந்தது.

இதற்கு அப்புறம் 2005ல் மாணவர்களுக்குப் பஸ் இலவசம், 2019ல் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்பு இலவசம் என்று ஒவ்வொன்றாக வந்தது. சர்க்கரையை மட்டும் நம்பியிருந்த ஒரு சின்னத் தீவு 1968ல் சுதந்திரம் வாங்கி இவ்வளவு தூரம் வந்தது பெரிய காரியம், அதைச் செய்தவர்களுக்கு நான் நன்றியுள்ளவன். எந்தப் பக்கம் என்று கேட்டீர்களே, 2020 ஜூலையில் உலக வங்கி எங்களை உயர்வருமான நாடு என்று சேர்த்தது, கொரோனாவில் சுற்றுலா படுத்ததும் அடுத்த வருடமே ஒரு படி கீழே இறக்கியது. அந்த இரண்டு ஜூலைக்கும் நடுவில் எந்த வகுப்பறையிலும் எதுவும் மாறவில்லை.

சரி, இப்போது வாசலுக்கு உள்ளே வருவோம், சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

மொரீசியசில் பத்து வீட்டில் எட்டு ஒன்பது வீடுகளில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து முளைத்த உள்ளூர் மொழி. தமிழர் வீடு, இந்தி வீடு, முஸ்லிம் வீடு, ஆப்பிரிக்க வம்சாவளி வீடு எல்லாவற்றிலும் அதுதான். எங்கள் வீட்டிலும் பாட்டி இருந்தவரை தமிழ் காதில் விழுந்தது, அவளுக்குப் பிறகு கிரியோல்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பத்திரிகையும் டி.வி.யும் பெரும்பாலும் பிரெஞ்சு. பாடப்புத்தகமும் பரீட்சையும் இங்கிலீஷ். 1957ஆம் வருடக் கல்விச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், மூன்றாம் வகுப்புவரை பிள்ளைக்கு எந்த மொழி பொருத்தமோ அதில் சொல்லிக்கொடுக்கலாம், நாலாவதிலிருந்து இங்கிலீஷ். இங்கிலீஷ்காரன் காலத்துச் சட்டம், சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. இதை வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை வருகிறது, டீச்சர் அன்போடு கிரியோலில் பேசுகிறார், கொஞ்சம் பிரெஞ்சு கலக்கிறார், கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதுகிறார், பிள்ளை அதைப் பார்த்து எழுதுகிறது. ஆறு வருடம் இப்படிப் பார்த்து எழுதிய பிறகு பதினோரு வயதில் ஒரு பெரிய பரீட்சை.

அந்தப் பரீட்சையை நாங்கள் வெகுகாலம் சி.பி.இ. என்று சொல்லிவந்தோம், 2017லிருந்து பெயர் பி.எஸ்.ஏ.சி. ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் அன்று வீடு எப்படி இருக்குமோ அப்படி ஒரு சூழலைப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு நினைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதுக்கும் ராங்கிங், முதல் சில நூறு பேருக்கு ராயல் கொலேஜ், குவீன் எலிசபெத் கொலேஜ் மாதிரி இடங்கள். ராங்கிங்கை 2000களின் தொடக்கத்தில் எடுத்தார்கள், சில வருடத்தில் ஏ பிளஸ் என்ற பெயரில் வேறு உருவத்தில் திரும்பி வந்தது, அதன் பின்னர் அகாடமி என்ற பெயரில் ஒன்பதாவது முடித்ததும் அந்த வடிகட்டல் வந்தது. சி.பி.இ. காலத்தில் முதல் தடவை எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் ஃபெயில். மூன்றில் ஒன்று என்றால் என் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு முகம். இலவசப் புத்தகம் வாங்கி, இலவசப் பஸ்சில் வந்து, ஆறு வருடம் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் படிக்க வராது என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போன முகங்கள்.

இந்த வடிகட்டியால்தான் ‘லெசோன்’ என்கிற டியூஷன் எங்கள் ஊரில் இரண்டாவது பள்ளிக்கூடமாக ஆனது. காலையில் வகுப்பில் இருக்கும் அதே டீச்சரிடமே மாலையில் காசு கொடுத்து உட்காரும் பிள்ளைகள் உண்டு. சின்ன வகுப்புகளில் டியூஷன் கூடாது என்று சட்டம் போட்டார்கள், அது மேல் வகுப்புகளை இன்னும் பெரிய சந்தையாக்கியது, அவ்வளவுதான். இதை ஏழை நாட்டு வியாதி என்று நினைக்கவேண்டாம். தென்கொரியா 1980ல் தனியார் டியூஷனையே முழுக்கத் தடை செய்தது, 2000ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது, இப்போது இரவு பத்து மணிவரை டியூஷன் நிலையத்தில் உட்காரும் பிள்ளைகள் அங்கே சாதாரணம். ஜெர்மனியில் பல மாநிலங்களில் பத்து வயதிலேயே எந்தப் பிள்ளை எந்த வகைப் பள்ளிக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். பின்லாந்தும் முன்பு அப்படிப் பிரித்த நாடுதான், 1970களில் அதை மாற்றி, பதினாறு வயதுவரை எல்லோருக்கும் ஒரே பள்ளி என்று வைத்தார்கள். எல்லாமே வளர்ந்த நாடுகள். பிள்ளைகளை எப்படி வடிகட்டுவது என்பதில் ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் போயிருக்கிறது, காசு அதைத் தீர்மானிக்கவில்லை.

நாங்கள் 2009 சுற்று பிசா தேர்வில் கலந்துகொண்டோம், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் வைக்கும் பரீட்சை அது. வாசிப்பில் எங்களுக்கு 407, வளர்ந்த நாடுகளின் சராசரி 493. ஒவ்வொரு வருடமும் கேம்பிரிட்ஜ் நடத்தும் பள்ளி இறுதிப் பரீட்சையில் நாட்டிலேயே முதல் வரிசையில் வந்த பிள்ளைகளின் படம் பேப்பரில் வரும், ‘லோரேயா’ என்று கொண்டாடுவோம், வெளிநாட்டில் படிக்க அரசாங்கம் ஸ்காலர்ஷிப் கொடுக்கும். அவர்களும் உண்மை, அந்த 407ம் உண்மை.

இது வெறும் மார்க் விஷயம் இல்லை என்பதை நாங்கள் 1999 பிப்ரவரியில் பார்த்தோம். கயா என்ற பாடகர், ரோஷ் புவா பகுதியின் பிள்ளை, போலீஸ் காவலில் இறந்தார். மூன்று நான்கு நாள் நாடு எரிந்தது. அமைதியான தீவு என்று உலகத்துக்குக் காட்டிய படத்தின் பின்னால், ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் மக்கள் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. கலவரம் நடந்த பேட்டைகளுக்கும் சி.பி.இ. ரிசல்ட் மோசமாக இருந்த பள்ளிகளுக்கும் இருந்த தூரம் பல இடங்களில் நடக்கும் தூரம்தான். அதற்குப் பிறகு, 2000களின் தொடக்கத்தில்தான், ‘முன்னுரிமைக் கல்வி மண்டலம்’ என்று ரிசல்ட் மிகக் குறைவாக இருந்த சுமார் 30 பள்ளிகளைத் தனியாக எடுத்து, அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பெற்றோரோடு பேசுவதற்கு ஆளும் ஏற்பாடு செய்தார்கள். சாப்பாடு போட்டால் பிள்ளை வரும் என்பதைக் காமராஜர் 1950களிலேயே உங்கள் மண்ணில் செய்துகாட்டிவிட்டார், 2022லிருந்து அங்கே காலைச் சிற்றுண்டியும் கொடுக்கிறார்கள். வளரும் நாட்டின் ஒரு மாநிலம் முந்திக்கொண்ட இடம் இது, அதை நீங்கள் குறைத்து மதிக்கவேண்டாம்.

நான் பார்த்த ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன், என் மனசில் இருந்து போகாதது. எங்கள் பள்ளிகளில் மூதாதையர் மொழி என்று ஒரு பாடம் உண்டு, மணி அடித்ததும் இந்திப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, தமிழ்ப் பிள்ளைகள் என் அறைக்கு, உருதுப் பிள்ளைகள் இன்னோர் அறைக்குப் போவார்கள். கிரியோல் சமூகத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மொழி பாடத்திட்டத்தில் கிடையாது. அவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள், சில நாள் படம் வரைவார்கள், சில நாள் சும்மா. நான் கதவை மூடி ‘அ, ஆ’ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன், ஜன்னல் வழியாக ஒரு பையன் பார்த்துக்கொண்டே இருப்பான். 1995ல் இந்த மொழிகளின் மார்க்கைச் சி.பி.இ. ராங்கிங்கில் சேர்ப்பதா என்பது நாட்டையே இரண்டாக்கியது. எங்கள் பக்கம் அது மரியாதைக் கேள்வி, அரபும் தமிழும் இந்தியும் மற்றப் பாடம் மாதிரி மதிக்கப்பட வேண்டாமா என்பது. ஜன்னலில் நின்ற பையனின் பெற்றோருக்கு அது வேறு கேள்வி, தங்கள் பிள்ளைக்கு இல்லாத ஒரு பாடத்தில் மற்றவர்களுக்கு மார்க் கூடினால் அவன் இன்னும் பின்னால் போவானே என்பது. அன்றைய பிரதமர் அனிருத் ஜக்நாத்தின் அரசு அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தது, நாலில் மூன்று பங்கு ஆதரவு கிடைக்கவில்லை, சபையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார்கள், பெரிய தீவின் 60 இடங்களையும் எதிரணி எடுத்துக்கொண்டது. நான் அப்போது சேர்க்கவேண்டும் என்று கூட்டங்களில் பேசியவன். இன்றைக்கு யோசித்தால் கேள்வியே தப்பாக வைக்கப்பட்டது என்று படுகிறது. பதினோரு வயதில் அந்த ராங்கிங் எதற்கு என்று நாங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்டிருக்கவேண்டும்.

2012 ஜனவரியில் கிரியோல் ஒரு விருப்பப் பாடமாகப் பள்ளிக்கு வந்தது. மூதாதையர் மொழி நடக்கும் அதே நேரத்தில் வைத்தார்கள், ஆக ஒரு பிள்ளை தமிழ் எடுக்கலாம் அல்லது கிரியோல் எடுக்கலாம், இரண்டும் முடியாது. என் சக வாத்தியார்கள் பலர் பயந்தார்கள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை, தமிழ் வகுப்பில் ஏற்கெனவே தலைகள் குறைந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் நான் அன்றும் இன்றும் சொல்வது ஒன்றுதான், பிள்ளை முதலில் தனக்குத் தெரிந்த மொழியில் வாசிக்கக் கற்கவேண்டும். ‘லக்காஸ்’ என்றால் வீடு என்பது அவனுக்குத் தெரியும், அந்தச் சத்தத்துக்கு எழுத்தைக் காட்டினால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான். தெரியாத மொழியின் தெரியாத எழுத்தை ஒரே நேரத்தில் காட்டினால் இரண்டையும் சேர்த்துத் தொலைப்பான். ஒருமுறை எழுத்து பிடிபட்டுவிட்ட பிள்ளைக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பதை வகுப்பில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கிரியோலைப் பாடமாக மட்டும் வைத்துக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் இங்கிலீஷிலேயே விட்டது அரைகுறை வேலை.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம். ரீயூனியன் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர், விமானம் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக் கழற்றுவதற்குள் வந்துவிடும். 1946லிருந்து அது பிரான்சின் ஒரு மாவட்டம் மாதிரி, பிரெஞ்சுச் சட்டம், ஐரோப்பியப் பணம், பாரிசில் இருக்கும் அதே பாடத்திட்டம். எங்கள் மூதாதையர் ஏறின கப்பலில் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கேயும், மல்பார் என்று சொல்வார்கள், கோயிலும் காவடியும் தீமிதியும் விடாமல் செய்கிறார்கள், ஆனால் தமிழ் பேச்சில் இல்லை, முதல் பெயர் பெரும்பாலும் பிரெஞ்சு, தமிழ்ப் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. சங்கங்கள் மாலை வகுப்பு நடத்தித் தமிழை மறுபடி கற்கிறார்கள்.

நீங்கள் கேட்ட ‘வளர்ந்த நாடு’ வசதி அங்கே முழுக்க உண்டு. மூன்று வயதிலிருந்தே பள்ளி கட்டாயம், இலவசம். அரசாங்க ஆசிரியருக்கு பிரான்சில் வாங்குவதைவிட 53 சதவீதம் அதிகச் சம்பளம். என் சித்தி மகளின் பிள்ளைகள் படித்த பள்ளியைப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன், நூலகமே எங்கள் பள்ளிக் கூடம் அளவு. அப்படி இருந்தும் 2011ல் பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனம் கணக்கெடுத்தபோது, வேலை செய்யும் வயதினரில் ஏறக்குறைய 1,16,000 பேர், நூற்றுக்கு 23 பேர் அளவில், வாசிக்கவும் எழுதவும் தடுமாறும் நிலையில் இருந்தார்கள். பிரெஞ்சில் அதற்கென்றே ஒரு சொல், ‘இலெத்ரிஸ்ம்’. பள்ளிக்கே போகாததால் எழுத்தறியாதவரை அந்தச் சொல் குறிக்காது. வருடக்கணக்கில் பள்ளிக்குப் போய்வந்த பிறகும் ஒரு மருந்துச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவரைக் குறிக்கும். பிரான்சில் பதினேழு வயதானால் ஒரு நாள் எல்லோரும் போய் உட்காரவேண்டிய அரசாங்க நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, அதில் சின்ன வாசிப்புத் தேர்வும் உண்டு. நாடு முழுவதும் அதில் தடுமாறுகிறவர்கள் பத்தில் ஒருவர் அளவு என்றால் ரீயூனியனில் நாலில் ஒருவர்.

ஏன்? வேலையின்மை, வறுமை எல்லாம் காரணம்தான், பிரெஞ்சு அளவுகோலில் அங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் ஏழை. ஆனால் என் சித்தி மகள் ஒருநாள் சொன்னதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. அவள் பையன் முதல் வருடத்தில் டீச்சரிடம் ‘மி கோனே பா’ என்றிருக்கிறான், தெரியாது என்று அர்த்தம், நல்ல ரீயூனியன் கிரியோல். டீச்சர் பிரான்சிலிருந்து வந்தவர், ‘ஒழுங்காகச் சொல்லு’ என்று பிரெஞ்சில் திருத்தினார். பையன் அதற்கு அப்புறம் இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. எங்கள் தீவில் இங்கிலீஷ் வேற்று மொழி என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் டீச்சர் விளக்கிச் சொல்வார். அங்கே கிரியோல் பிரெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பதால், பிள்ளை தப்பான பிரெஞ்சு பேசுகிறது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வேறு மொழி பேசும் பிள்ளைக்குச் சொல்லித் தருவார்கள், தப்பாகப் பேசும் பிள்ளையைத் திருத்துவார்கள். ‘வந்துச்சு’ என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் கோடு வாங்கிய யாருக்கும் இது புரியும். 2000க்குப் பிறகு அங்கேயும் கிரியோலை வட்டார மொழியாக அங்கீகரித்து, அதற்கென்று ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நல்ல காரியம், ஆனால் எல்லாப் பள்ளிக்கும் அது எட்டவில்லை. அந்தத் தீவிலேயே பிறந்து தேர்வெழுதி ஆசிரியரான இளைஞரை முதல் வேலைக்குப் பாரிஸ் பக்கம் அனுப்புவது, அங்கேயிருந்து வந்தவர் இங்கே சொல்லிக்கொடுப்பது என்ற கூத்தும் உண்டு.

அந்தப் பையன் இப்போது பெரியவன். தொழிற்கல்வியில் பக்கலோரேயா, அதாவது பள்ளி இறுதித் தேர்வு முடித்தான், கையில் சான்றிதழ் இருக்கிறது, தீவில் வேலை இல்லை. அரசாங்கத்தின் குறைந்தபட்ச உதவித்தொகை சாதாரணமாக இருபத்தைந்து வயதுக்கு மேல்தான், அதுவரை அம்மா வீட்டுச் சோறு. பிறகு பிரான்சுக்குப் போய்விட்டான், லியோன் பக்கத்தில் கிடங்கு வேலை. பட்டினி அங்கே கிடையாது, ஆஸ்பத்திரி உண்டு, பெண் பிள்ளையைப் படிப்பை நிறுத்தி ஆலைக்கு அனுப்பவேண்டிய நிலை இல்லை, இதையெல்லாம் என் அக்காவின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் அற்பமாக நினைக்கமாட்டேன். ஆனால் படிப்பு ஏணி என்றால் ஏணியின் மேல்முனை எதிலாவது சாய்ந்திருக்கவேண்டும் அல்லவா. எங்கள் தீவில் ஆலையும் ஓட்டலும் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனியும் வந்து அரைகுறைப் படிப்புக்கும் ஒரு வேலை கிடைத்தது. ரீயூனியனில் பிரான்சின் சம்பளம், பிரான்சின் விலை, நடுவில் உள்ளூர்த் தொழில் வளரவில்லை. 1991லும் 2018லும் அந்தத் தீவு கலவரத்தில் கொதித்ததற்கு அடியில் இதுவும் இருந்தது.

பணக்கார அரசாங்கம் ஏழ்மைக்குக் கண்ட ஒரு தீர்வையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே எந்தக் குடும்பத்தில் இதைப் பேசினாலும் குரல் தாழும். 1960களின் தொடக்கத்திலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரீயூனியன் சிறுவர் சிறுமியரை நல்ல படிப்பு, நல்ல வாழ்க்கை என்று சொல்லிப் பிரான்சின் ஆள் குறைந்த கிராமப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட குரூஸ் என்ற மாவட்டத்தை வைத்து ‘குரூஸ் பிள்ளைகள்’ என்று பெயர். பலர் பண்ணைகளில் கூலியில்லா வேலைக்காரராகத்தான் வளர்ந்தார்கள், அம்மா அப்பாவைத் திரும்பப் பார்க்காதவர்கள் உண்டு. 2014ல்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதில் அரசுக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று தீர்மானம் போட்டது. இங்கிருந்து வடமேற்கே தூரத்தில் மயோத் என்ற தீவு, அதுவும் பிரான்சுதான், 2011லிருந்து முழு மாவட்டம், அங்கே வகுப்பறை போதாமல் பிள்ளைகள் காலை ஒரு கூட்டம், பிற்பகல் ஒரு கூட்டம் என்று ஷிப்டில் படிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடி பறக்கும் பள்ளியில்.

ஆகவே தம்பி, வறுமை இல்லாவிட்டால் சிக்கல் இல்லை என்ற கணக்கை விட்டுவிடுங்கள், வறுமை பொருட்டே இல்லை என்று திருப்பியும் போட்டுக்கொள்ளவேண்டாம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 70 சதவீதம் பேரால் ஒரு எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2022ல் மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். வாசல்வரை வந்தாயிற்று, உள்ளே யாரும் அவர்களிடம் புரியும்படி பேசவில்லை.

உங்கள் மகளைப் பற்றி. ஆறு வயது என்பது நல்ல வயது. ரீயூனியன் என்றால் அரசுப் பள்ளியிலேயே சேருங்கள், பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் தனிப் பிரிவு இருக்கிறது, வீடு பார்ப்பதற்கு முன்னால் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அதற்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். மொரீசியஸ் என்றால் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் ஃபீஸ் கட்டும் தனியார் பள்ளியில்தான் சேர்க்கிறார்கள், வேலை ஒப்பந்தத்தில் அந்தச் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் நடக்காது. எந்தப் பள்ளியானாலும் ஒரு நாள் இடைவேளை நேரத்தில் போய் நில்லுங்கள். டீச்சர் பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசுகிறார், பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று கவனியுங்கள், ரிசல்ட் பலகையைவிட அது அதிகம் சொல்லும். வீட்டில் தமிழ் பேசுங்கள், அதை நிறுத்தச் சொல்லி எந்த டீச்சர் சொன்னாலும் கேட்காதீர்கள். தமிழில் தினமும் ஒரு பக்கம் வாசிக்க வையுங்கள், அந்தப் பழக்கம் இருந்தால் கிரியோல் மைதானத்தில் மூன்று மாதத்தில் வந்துவிடும், பிரெஞ்சும் இங்கிலீஷும் கொஞ்சம் மெதுவாகப் பின்னாலேயே வரும்.

என் அக்கா இப்போது என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் பேத்தி நாலாவது படிக்கிறாள், விஞ்ஞானப் புத்தகம் இங்கிலீஷ். மாலையில் மேஜையில் உட்கார்ந்து, அக்கா ஒரு வரியை விரலால் தொட்டு மெதுவாக இங்கிலீஷில் வாசிக்கிறாள், மூன்றாவது ஃபார்மில் கற்றது இன்னும் இருக்கிறது, உடனே கிரியோலில் என்ன என்று சொல்கிறாள், பேத்தி அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போவதில்லை. நேற்று வேர் தண்ணீரை எப்படி மேலே அனுப்புகிறது என்ற பாடம். அரைப் பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆனது.